பளிங்குச் சம்மனசுக்கு முதுகு ஏன் தட்டை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்கும் புரியும். பாரிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் ஒன்றரை அடி உயர வெள்ளைப் பளிங்குத் தேவதூதர், அதாவது சம்மனசு, ஒருவரைப் பார்த்தீர்கள். முகமும் முடிச்சுருளும் அங்கியின் மடிப்பும் அவ்வளவு நயம். சுற்றிப் போய்ப் பார்த்தால் முதுகே இல்லை. தட்டையாக, உளித்தடம் தெரிய, இரண்டு துளைகளோடு நிற்கிறது. அட்டையில் ‘பலிபீடத்திலிருந்து, 14ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாதியில் விட்ட வேலையா, எங்கிருந்தாவது பெயர்த்து எடுத்ததா, பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: ‘இதெல்லாம் இப்படி வெள்ளை வெளேரென்றுதான் இருந்ததா?’ என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் கனமான கேள்வி. ஆனால் முதுகிலிருந்து ஆரம்பித்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

நான் கலை வரலாற்றாசிரியர் இல்லை. கல் சிற்பங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் வேலை என்னுடையது. இத்தாலியில் படித்தேன், பதினேழு வருடமாக இதே பிழைப்பு. அதனால் பாணி, ஆசிரியர், ஆழ்பொருள் இவற்றில் மற்றவர்கள் எழுதியதை நம்பித்தான் பேசுவேன். கல், உளி, ஆணி, அழுக்கு, வண்ணம் இவற்றில் கைப்பழக்கத்திலிருந்து பேசுவேன். எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

‘பலிபீடம்’ என்ற சொல்லே நம் ஆட்களைக் கொஞ்சம் குழப்பும். சிவன் கோவிலில் அது கொடிமரத்தருகே வெளியில் இருப்பது. தேவாலயத்தில் அது உள்ளே, கிழக்குக் கோடியில், குருவானவர் திருப்பலி நிறைவேற்றும் கல்மேசை. இடைக்காலத்தில் அந்த மேசையை மூன்று இடத்தில் அலங்கரித்தார்கள். மேசையின் முன்முகத்தில் பலகை அல்லது துணி. மேசைக்கு மேலே நான்கு தூணில் கூடாரம் போல ஒரு விதானம். மூன்றாவது, மேசையின் பின்விளிம்பில் நெட்டுக்குத்தாக நிற்கும் சிற்பப் பலகை. உங்கள் தேவதூதர் பெரும்பாலும் இந்த மூன்றாவதிலிருந்து வந்தவர். 14ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இந்தப் பலகை நீளமாக, உயரம் குறைவாக இருக்கும். வானளாவ எழும்பும் பீடங்களெல்லாம் பிற்காலத்துச் சமாச்சாரம்.

பிரான்சில், குறிப்பாக அரச குடும்பத்துக் கொடைகளில், அந்தப் பலகையை ஒரு தனி முறையில் செய்தார்கள். பின்னணிக்குக் கறுப்புப் பளிங்குப் பலகை. அதை முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். உருவங்களை வெள்ளைப் பளிங்கில் தனித்தனியாகச் செதுக்கி, முதுகைத் தட்டையாக்கி, கறுப்பின் மேல் ஒட்டவைத்து ஆணியடித்து நிறுத்துவார்கள். ஆக, உங்கள் தேவதூதரின் முதுகு முடிந்த முதுகுதான். அது கறுப்புக் கல்லோடு பொருந்த வேண்டிய முகம். அங்கே உளித்தடத்தை வழித்து எடுத்தால் சுண்ணச்சாந்து பிடிக்காது. உளித்தடத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

இந்த முறைக்கு நல்ல உதாரணம் மொபுய்ஸோன். பாரிஸுக்கு வடமேற்கே பொன்துவாஸ் அருகே இருந்த சிஸ்டர்சியன் (கத்தோலிக்கத் துறவற சபைகளில் ஒன்று) கன்னியர் மடம். 13ஆம் நூற்றாண்டில் ராணி பிளான்ஷ் நிறுவியது. நான்காம் சார்ல் மன்னரின் விதவை ழான் தெவ்ரோ அதன் முதன்மைப் பீடத்துக்குக் கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு சிற்பப் பலகை செய்து கொடுத்தார். ஆண்டு 1340. அதற்கு முந்தின ஆண்டுதான் பொன்முலாம் பூசிய வெள்ளி மாதா சிலை ஒன்றை செயின்ட் டெனி மடத்துக்குக் கொடுத்திருந்தார். கொடை கொடுப்பதில் கைதேர்ந்த அம்மா. மொபுய்ஸோன் மடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது, பீடமும் துண்டு துண்டாகப் பிரிந்தது. இயேசு சீடர்களோடு அமர்ந்த கடைசி இராவுணவுக் காட்சி பாரிஸின் ஒரு கோவிலுக்குப் போனது. இரண்டு சின்னக் குப்பிகளை ஏந்திய தேவதூதர் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். நீங்கள் பார்த்தது அவரேதானா என்று உங்கள் விவரத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அதே ஜாதி என்று சொல்லலாம்.

அந்தக் குப்பிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். திருப்பலியில் குருவானவர் கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றி, அதில் ஒரு துளி தண்ணீர் சேர்ப்பார். இரண்டையும் இரு குப்பிகளில் கொண்டுவந்து நீட்டுவது உதவியாளர் வேலை, சில நேரம் ஒரு பையன். என் பாட்டி தேவதூதரைச் ‘சம்மனசு’ என்பார். மொபுய்ஸோன் பீடத்தில் அந்தப் பையனுடைய இடத்தில் ஒரு சம்மனசு நிற்கிறது. பூசை நடக்கும்போது குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டி, பலகையைப் பார்த்து நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே முழங்கை தூரத்தில், அவர் அந்த நிமிடம் செய்யும் வேலையையே பளிங்கு உருவங்கள் செய்துகொண்டிருக்கின்றன. தூரத்தில் இருக்கும் கன்னியருக்கு அதே பலகை இன்னொரு மாதிரி தெரிந்திருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெருகிட்ட கறுப்புக் கல் இருட்டோடு கலந்துவிடும். வெள்ளை உருவங்கள் மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதக்கும். இதைப் பகலில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பார்க்கும்போது நாம் பாதிப் பொருளைத்தான் பார்க்கிறோம். கறுப்பு போனால் வெள்ளைக்கு வேலையில்லை.

ஒரு வேடிக்கை. சிஸ்டர்சியன் சபையின் ஆரம்பகால விதிகள் கோவிலுக்குள் சிற்பமே கூடாது என்றன, சிலுவை தவிர. இருநூறு வருடத்தில் ராணியின் கொடை முன்னால் விதி வளைந்துவிட்டது. அதே மடத்தில் மன்னர், ராணி இருவருடைய குடல்களைத் தனியாகப் புதைத்து, அதற்கும் பளிங்கில் படுத்த உருவங்கள் செய்தார்கள். செய்தவர் ழான் த லியேழ். அந்த உருவங்கள் கையில் ஒரு சின்னப் பையைப் பிடித்திருக்கும், உள்ளே இருப்பது குடல் என்று காட்ட. அவையும் இப்போது லூவ்ரில்தான். அடுத்த முறை போனால் விட்டுவிடாதீர்கள்.

இப்போது துளைகளுக்கு வருகிறேன், இது என் ஏரியா. பளிங்கு உருவத்தைக் கறுப்புப் பலகையில் நிறுத்த, இரண்டிலும் துளையிட்டு, இரும்பு முளை செருகி, இடைவெளியில் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் ஆறினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதே சமயம் கொஞ்சம் மென்மையாக இருப்பதால் கல்லை நெருக்காது. ஈயம் முழுவதும் மூடியிருக்கும் வரை நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றும் ஆகாது. ஈரம் எங்காவது ஒரு மயிரிழையில் உள்ளே போனால் இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்தது, உள்ளேயிருந்து கல்லைப் பிளக்கும். நான் வேலை செய்த ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் (பெயர் வேண்டாம்) பழைய முளை ஒன்று தளர்ந்திருக்கிறது என்று யாரோ அதன் பக்கத்தில் புது இரும்பு ஆணி வைத்து சிமென்ட் பூசியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது அந்தச் சிலையின் தோளில் துளையிலிருந்து கழுத்து வரை வெடிப்பு, வெடிப்பின் இரு கரையிலும் டீ கறை போலப் பழுப்பு. சிமென்டைப் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுக்க மூன்று வாரம் பிடித்தது. இப்போதெல்லாம் துருப்பிடிக்காத எஃகோ டைட்டானியமோதான் வைப்போம், அதுவும் எப்போது வேண்டுமானாலும் கழற்றுகிற மாதிரி.

முதுகைப் பார்த்தால் உளியின் வகையும் தெரியும். கூர்நுனி உளியால் அடித்தால் சின்னச் சின்னப் பள்ளம். நுனியில் பற்கள் வெட்டிய உளியால் இழுத்தால் சீப்பு வாரிய மாதிரி இணைகோடுகள். முன்பக்கத்தில் இந்தத் தடங்களை அரத்தாலும் படிகக்கல் தூளாலும் தேய்த்து அழித்திருப்பார்கள். முடிச்சுருளின் நடுவிலும் ஆழமான மடிப்பின் அடியிலும் மட்டும் வட்டமான குழிகள் மிச்சமிருக்கும். கயிறு சுற்றி இழுத்துச் சுழற்றும் துரப்பணம் போட்ட துளைகள் அவை. ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வரிசையாகத் தெரியும்.

பளிங்கு என்று அட்டையில் இருந்தால் பளிங்குதானா? பெரும்பாலும் ஆமாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே காலத்தில் அலபாஸ்டர் என்ற இன்னொரு வெள்ளைக்கல்லும் பீடங்களுக்கு ஏராளமாகப் பயன்பட்டது. பளிங்கு சுண்ணாம்புச் சத்துள்ள கல், அதாவது கால்சியம் கார்பனேட். அலபாஸ்டர் ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழுகிற அளவுக்கு மென்மை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் அலபாஸ்டரில் பீடப் பலகைகளைக் குடிசைத்தொழில் போலச் செய்து ஐரோப்பா முழுவதும் ஏற்றுமதி செய்தார்கள். அவற்றின் முதுகும் தட்டைதான், அங்கும் துளை உண்டு. ஆனால் செம்புக் கம்பியை ஈயத்தில் பதித்து மரச்சட்டத்தில் கட்டியிருப்பார்கள். 1550இல் ஆறாம் எட்வர்ட் காலத்துச் சட்டம் கோவில் உருவங்களை அழிக்கச் சொன்னதால் இங்கிலாந்தில் தப்பியது கொஞ்சம். வெளிநாட்டுக்கு விற்றதுதான் நிறையப் பிழைத்தது. அக்காலத்துக் கணக்கேடுகளோ இரண்டு கல்லுக்கும் பெயரை மாற்றி மாற்றி எழுதும், அதனால் ஏட்டை மட்டும் நம்ப முடியாது. தயவுசெய்து நகத்தால் கீறியும் வினிகர் ஊற்றியும் யாரும் சோதிக்கப் போகாதீர்கள். இணையத்தில் அப்படி யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

போகிற போக்கில், அந்தக் ‘கறுப்புப் பளிங்கு’ம் புவியியல்படி பளிங்கு இல்லை. மெருகேறக்கூடிய நுண்மையான சுண்ணாம்புக்கல். இன்றைய பெல்ஜியத்தின் தினான், துர்னே பகுதிகளிலிருந்து ஆற்றில் படகேற்றி வந்தது. வெள்ளையில் நல்ல பங்கு இத்தாலியின் காராரா மலையிலிருந்து. ஒரு குறிப்பிட்ட சிலையின் கல் எந்தச் சுரங்கத்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். துளியூண்டு தூள் எடுத்துக் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் பார்த்தால் சாத்தியமான சுரங்கங்களைக் குறைக்க முடியும். அதிலும் சில சுரங்கங்களின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

சரி, வெள்ளை. பளிங்குச் சிற்பங்கள் வெள்ளையாகவே நின்றன என்பது தவறு. மரச் சிற்பம் போலத் தலை முதல் கால் வரை வண்ணம் பூசினார்கள் என்பதும் பெரும்பாலும் தவறு. விலை கொடுத்து வாங்கிய பளிங்கை யாரும் முழுக்க மூட மாட்டார்கள். தோலுக்குக் கல்லின் வெள்ளையையே விட்டுவிட்டு, உதட்டில் சிவப்பு, கண்மணியில் கறுப்பு, தலைமுடியிலும் அங்கியின் ஓரத்திலும் பொன் இலை (மிக மெல்லிய பொன் தகடு), அங்கியின் உட்புறத்தில் நீலமோ சிவப்போ. பட்டுச்சேலைக்குக் கரை வைக்கிற மாதிரி யோசியுங்கள். பொன் இலையைக் கல்லில் ஒட்ட எண்ணெய் கலந்த ஒரு பசையை அடியில் தடவுவார்கள். பொன் உதிர்ந்த பிறகும் அந்தப் பசை ஆரஞ்சுப் பழுப்பாகக் கல்லில் தங்கிவிடும். பலரும் அதை அழுக்கு என்று நினைப்பார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு புனிதையின் காதோரத்தில் இருந்த பழுப்பைத் துடைக்கப் பஞ்சை நனைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் ஆசிரியை ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, நுண்ணோக்கியின் முன் என் தலையைக் குனிய வைத்தார். பழுப்பின் நடுவில் கடுகில் பாதி அளவுக்குப் பொன். அன்றிலிருந்து காதுமடலுக்குப் பின்னால் இருக்கும் அழுக்கைத் தொடவே கை நடுங்கும்.

அப்புறம் எங்கே போனது வண்ணமெல்லாம்? கொஞ்சம் காலத்தில் உதிர்ந்தது. மிச்சத்தைப் போக்கியவர்கள் ரசிகர்கள். 19ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற சிற்பங்களுக்கெல்லாம் பிளாஸ்டர் அச்சு எடுக்கும் வெறி இருந்தது. அச்சு ஒட்டாமல் இருக்கச் சோப்பும் எண்ணெயும் தடவி, எடுத்த பிறகு அழுத்தித் தேய்த்துக் கழுவுவார்கள். அதோடு வண்ணமும் போகும். கூடவே வெள்ளைதான் தூய்மை என்ற ரசனை வேறு, அமிலம் கலந்த நீரால் சுத்தம் செய்வதும் நடந்தது. பளிங்கு அமிலத்தில் கரையும் கல். ‘பளபளப்பு’ என்று நாம் மெச்சுகிற சில முகங்கள் ஒரு மெல்லிய தோல் இழந்த முகங்கள். கோதிக் காலத்தவர் வெறும் வெள்ளையை ரசித்தார்கள் என்று நினைக்கிறவர்கள் ஃப்ளோரன்ஸ் போய் ஒர்சான்மிக்கேலே கோவிலில் சிற்பி ஒர்கான்யா 1359இல் முடித்த பளிங்கு விதானத்தைப் பார்க்கட்டும். பெர்னார்தோ தாத்தி வரைந்த மாதா படத்தைச் சுற்றி நிற்கிறது. பளிங்கில் இடமே விடாமல் வண்ணக் கண்ணாடியும் பொன்னும் பதித்திருக்கிறார்.

இத்தாலியில் கதை வேறு என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ‘தட்டை முதுகு என்றால் கறுப்புப் பலகை’ என்று எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பீர்கள். அங்கே பளிங்கு வீட்டுக் கொல்லையில் கிடைக்கும் பொருள். காராரா ஒரு பக்கம், பழைய ரோமானிய இடிபாடுகள் இன்னொரு பக்கம். ஓர்வியெட்டோவில் கர்தினால் த ப்ரே கல்லறைக்குச் சிற்பி அர்னோல்ஃபோ தி காம்பியோ வைத்த மாதா சிலையைப் பழுது பார்த்தபோது, அது பழைய ரோமானியப் பெண்தெய்வச் சிலை ஒன்றை மறுபடி செதுக்கியது என்று தெரிந்தது. எழுநூறு வருடமாக மாதாவாக வணங்கப்பட்டவர் அதற்கு முன்னால் வேறொருத்தி. பீடப் பலகையிலும் இத்தாலியர்கள் உருவத்தையும் அதன் மாடத்தையும் சேர்த்தே யோசித்தார்கள். பொலோன்யாவின் சான் ஃப்ரான்செஸ்கோ கோவிலுக்கு வெனிஸ் சகோதரர்கள் யாகொபெல்லோவும் பியர்பவுலோ தல்லே மசேன்யேயும் 1388இல் ஒப்பந்தம் போட்டுச் செய்த பளிங்குப் பீடம் கோபுர முனைகளோடு ஒரு குட்டி நகரம் போல எழும்பும்.

எனக்குப் பிடித்தது லூக்கா நகரத்தில், சான் ஃப்ரெதியானோ கோவிலில் இருப்பது. வணிகர் லொரென்சோ திரெந்தாவுக்காக யாகோப்போ தெல்லா குவெர்ச்சா செய்தது. 1422 என்று ஆண்டு போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். நடுவில் மாதாவும் குழந்தையும், இரு பக்கமும் சேர்த்து நான்கு புனிதர்கள். திரெந்தாவின் பெயர்கொண்ட புனித லாரன்ஸும் அதில் உண்டு. கீழ்வரிசையில் அவர் இரும்புக் கட்டிலில் வாட்டிக் கொல்லப்படுகிற சின்னக் காட்சி. வேலை தொடங்கியதிலிருந்து முடிய ஏறத்தாழ பத்து வருடம். இடையில் 1413இல் சிற்பி மீது திருட்டு உட்படக் குற்றச்சாட்டு வந்து ஊரைவிட்டே ஓடினார். கூட வேலை செய்தவர் சிறைக்குப் போனார். அப்புறம் திரும்பி வந்து முடித்தார். அங்கே போய் நின்றால் அங்கி மடிப்புகள் உடம்பைச் சுற்றிக் கொடி மாதிரி ஓடி, மாடத்தின் விளிம்பையே மறைக்கும். பெயர்த்து எடுத்துத் தனியாக நிறுத்தவே முடியாத சிற்பம். அதனால்தானோ என்னவோ இன்னும் கோவிலிலேயே இருக்கிறது.

சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1215 லாத்தரன் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்) அப்பமும் இரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்று வரையறுத்தது, அதனால்தான் பீடப் பலகைகள் தோன்றின என்று பல வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சங்கம் பலகை வைக்கச் சொல்லவில்லை. பீடம் எந்தப் புனிதருக்கு உரியது என்று எழுத்தாலோ உருவத்தாலோ காட்ட வேண்டும் என்று 1310இல் ட்ரியர் மாகாணச் சங்கம் விதித்தது, அவ்வளவுதான் நான் உறுதியாகக் காட்டக்கூடியது. இறையியலுக்கும் பலகைக்கும் உறவு இருக்கிறது, ஆனால் இது காரணம், அது விளைவு என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மொபுய்ஸோன் வேலை எவ்ரார் தோர்லேயான் என்ற அரசவைக் கலைஞருடையது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அவரைக் கையெழுத்துப் போட்ட குவெர்ச்சா அளவுக்கு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். சிதறிய துண்டுகளை எந்த வரிசையில் வைத்திருந்தார்கள் என்பதும் மறுகட்டுமானம்தான். போலியும் உண்டு. அல்சேயோ தொசேனா என்ற இத்தாலியர் செதுக்கிய பளிங்குகளை இடைக்காலத்தவை, மறுமலர்ச்சிக் காலத்தவை என்று பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் வாங்கிவிட்டன. 1928இல்தான் விஷயம் வெளிவந்தது. அவர் முன்பக்கத்தில் கெட்டிக்காரர். அதனால்தான் எங்கள் தொழிலில் சிலையைப் பின்னாலிருந்து பார்க்கப் பழகுகிறோம்.

அந்த முதுகை நீங்கள் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். துளையின் சுவரில் சாம்பல் நிற ஈயம் ஒட்டியிருக்கிறதா, அல்லது பழுப்புத் துரு வளையம் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டையான பரப்பில் எங்காவது பழைய சாந்து வெண்மையாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. முன்பக்கப் படம் இருந்தால் காதோரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போடுங்கள்.